எடுக்காமல் விட்ட சிரிப்பு

மீன் வளர்க்கிற கண்ணாடிக் குண்டு ஒன்றைக் கவிழ்த்து என் தலையில் மாட்டினார்கள். அதுதான் விண்வெளிக் கவசம். உள்ளே என் மூச்சே திரும்பி என் முகத்தில் அடித்தது. ஏழு வயதில் நான் சந்திரனுக்குப் போனது அப்படித்தான், கோடம்பாக்கத்தில், தகரமும் பலகையும் கொண்டு செய்த ரொக்கெட்டில். படத்தின் தயாரிப்பாளர் என் அப்பா. கொழும்பில் றேடியோக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து மனிதர், தமிழருக்கு விண்வெளியைக் காட்டியே தீருவேன் என்று கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கப்பல் ஏறியவர். துணிச்சலைப் பாருங்கள்!

கதைப்படி அந்தச் சிறுமி பூமிக்குத் திரும்புவதில்லை. காற்றுத் தீர்ந்து ரொக்கெட்டுக்குள்ளேயே கண்ணை மூடிவிடுவாள். சினிமாக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சியில் நடித்தவரை உடனே எழுப்பி, கமெராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து, அதையும் பிடிப்பார்கள். படத்தில் அது வராது. தோஷம் கழிக்கிற சிரிப்பு. அதை எடுத்துவிடுவோம் என்று கமெராக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாராம். "விண்வெளிப் படம் எடுக்கிறவன் உந்த மூடநம்பிக்கைக்குப் பிலிம் ஓடவிடுவனோ?" என்று அப்பா விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டார். நான் உண்மையாகவே தூங்கிப்போயிருந்தேன். எழுப்பாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போனார்களாம். இதெல்லாம் பின்னாளில் அம்மா சொன்னது.

படம் ஓடவில்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அந்த மாதமே எனக்குக் காய்ச்சல் கண்டு, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தேன். நான் தேறினேன். அப்பாதான் அந்தப் பயத்திலிருந்து தேறவில்லை.

அன்றிலிருந்து நான் கண் விழிக்கும்போதெல்லாம் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். "சிரி பிள்ளை." சிரிக்காமல் நகரமாட்டார். பள்ளிக்கூடச் சோதனை நாளோ, கலியாண நாளோ, கடல் கடந்த குளிர் நாட்டில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் ஒரே அறைக்குள் எல்லாரும் நெருங்கிக் கிடந்த அகதி நாளோ, எதற்கும் விலக்கில்லை. நான் அதே நகரில் வெக்ஸ்போர்ட்டுக்குத் தனியே குடிபோன பிறகு காலையில் போன் வரும். சிரிப்புச் சத்தம் கேட்டால்தான் வைப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "நான் உயிரோடைதான் இருக்கிறன், போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ!" என்று கத்தியிருக்கிறேன். "ஓம், ஓம்" என்பார், மறுநாளும் போன் வரும். பேய், சாமி எதையும் நம்பாத மனிதர் அவர். அந்த எடுக்காத சிரிப்பு ஒன்றுக்குத்தான் பயந்தார்.

போன மாரியில் போன் நின்றுவிட்டது. வோபர்னில் முதியோர் இல்லத்தில் இருந்தார், தொண்ணூறைக் கடந்துவிட்டார், ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பயம் போகவில்லை. காலையில் வெறும் கட்டிலைப் பார்த்து விம்முகிறார் என்றாள் என் மகள். ஐயோ, இந்த மனுசன் இந்தப் பயத்தோடா சாக வேண்டும்? அந்தச் சிரிப்பை எடுத்துக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஒரு பகல், பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. எழுபது தாண்டிய உடம்போடு ஏறி அதில் படுத்தேன்.

"அம்மா, ப்ளீஸ், இறங்குங்கோ. நேர்ஸ் பாக்கிறா," என்றாள் மகள்.

"உன்ரை போனை எடு. நான் எழும்பிச் சிரிக்கேக்கை பிடி."

கண்ணை மூடிக் கிடந்தேன். பிறகு எழும்பி, மிச்சமிருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "அப்பா, இஞ்சை பாருங்கோ. நான் எழும்பிட்டன்!"

அப்பா என்னைப் பார்த்தார். விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதையணை ஆச்சி," என்றார். "பிள்ளை இன்னும் எழும்பேல்லை."