தரைக்குள் ஒரு தெரு

என் மனைவி கல் வரைகிறவள். டைல்ஸ் கம்பெனியில் டிசைன் பிரிவு. மலையை வெட்டி எடுத்த மார்பிள் என்று தடவிப் பார்த்துப் பூரித்துப் போகிறீர்களே, அது சுட்ட மண். அதன்மேல் ஓடும் சாம்பல் நரம்பெல்லாம் இவள் கம்ப்யூட்டரில் இழுத்த கோடு. மெஷின் அதை மையாகத் தெளித்துவிட்டுப் போகிறது. யார் வீட்டுக்குப் போனாலும் இவள் ஆளைப் பார்க்கமாட்டாள், தரையைத்தான் பார்ப்பாள். வீட்டைச் சரியாகப் பெருக்கவில்லை என்று குத்திக்காட்டுகிறாள் என நினைத்து, என் பெரிய அத்தை இவளோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

நான் அந்தக் கல்லை ஒட்டுகிறவன். டைல்ஸ் மேஸ்திரி. வரைகிறவளும் ஒட்டுகிறவனும் ஒரே வீட்டில் இருந்தால் நாள் முழுக்கக் கல்லைப் பற்றித்தான் பேச்சு என்று நினைப்பார்கள். அதுதான் இல்லை. எனக்கு ஓட்டை வாய் என்பது அவள் முடிவு. கம்பெனி விஷயம் எதையும் மூச்சுவிடமாட்டாள். என் வேலை அவளுக்கு வெறும் சிமெண்ட் தூசி.

அவள் பிறந்த இடத்தைச் சொல்ல வேண்டும். நான்கு சந்து, எழுபது வீடு, நடுவில் ஒரு குழாயடி. மாமனார் அங்கே தையல் கடை வைத்திருந்தார். ஒருநாள் காலை இடிக்கிற வண்டிகள் வந்தன. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. குறுக்கே நின்ற மச்சான் இரண்டு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாற்று வீடு கேட்டுப் போனவர்களுக்கு நில அலுவலகம் வரைபடத்தைக் காட்டியது. வரைபடத்தில் அந்த இடம் காலி மனை. இப்போது காலி என்று காட்டினாலாவது பொறுத்துக்கொள்ளலாம். ஐம்பது வருஷமாகவே காலியாம். வீடே இல்லாதவனுக்கு எதற்கு மாற்று வீடு?

மற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். எங்களோடு வந்து தங்கிய மாமனார் மட்டும் விடவில்லை. திங்கட்கிழமைதோறும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மனுவோடு கிளம்பிவிடுவார். ஏழு வருஷம். வீடுகூட வேண்டாம், அங்கே ஒரு தெரு இருந்தது என்று எழுதிக் கொடுங்கள் போதும் என்பதுதான் கடைசியில் அவர் கேட்டது. அந்த நடைதான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதுவும் தளர்ந்துகொண்டே வந்தது.

தெரு இருந்த அந்த இடத்திலேயே நில அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. முன்கூடத்துத் தரைக்கு வெள்ளையில் சாம்பல் கோடு ஓடும் கல் வேண்டும் என்று ஆர்டர் இவள் கம்பெனிக்கு வந்தது. அதிலும் இவள் மேஜைக்கே வந்தது.

என்ன செய்தாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மார்பிள் டிசைன் என்றால் ஒரே கல்லைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கமாட்டார்கள், மலிவாகத் தெரியும். பதினாறு விதமாக வரைந்து கலப்பார்கள். இவள் அந்தப் பதினாறு கல்லுக்குள் நான்கு சந்தையும் நரம்பாக ஓடவிட்டாள். வளைவு, குழாயடி, மாமனார் கடை வாசலில் சந்து கொஞ்சம் அகலுமே, அதுகூட. நாற்பது நாள் வேலை. அசல் மலைக்கல் மாதிரியே இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினாராம். தனித்தனியாகப் பார்த்தால் கல். நாலுக்கு நாலாக வைத்தால் தெரு. கூடம் முழுக்க அந்தத் தெரு வந்துகொண்டே இருக்கும். வரிசை மாறக் கூடாது என்று ஒவ்வொரு கல்லின் முதுகிலும் எண்ணும் அம்புக்குறியும் போட்டாள். எப்படி ஒட்ட வேண்டும் என்று பெட்டிக்குப் பெட்டி ஒரு தாளும் வைத்தாள்.

இனி என் பங்கு. அந்தக் கூடத்துக்குக் கல் ஒட்ட ஆள் தேடியபோது கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார். மாமனார் வீடு இருந்த மண்ணில் போய்க் கூலி வாங்குவதா என்று ஒரு நாள் யோசித்தேன். ஒரே ஒரு நாள்தான். அவ்வளவு பெரிய கூடம் அதுவரை என் கைக்கு வந்ததில்லை. வீட்டில், ஏதோ ஆஸ்பத்திரிக்குத் தரை ஒட்டுகிற வேலை என்று புளுகினேன்.

பெட்டியில் இவள் கம்பெனிப் பெயர்தான், ஆனால் அங்கே வரைகிறவர்கள் பலர். பிரித்தால் அந்தத் தாள். அம்பு மேலே இருக்க வேண்டுமாம், எண் வரிசைப்படி ஒட்ட வேண்டுமாம். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எவனோ எனக்கே பாடம் எடுக்கிறான் என்று சிரித்தேன். தாளைப் பார்த்து ஒட்டுகிறவன் மேஸ்திரியா? மார்பிள் கல்லைக் கலைத்துப்போட்டு, ஒன்றைத் தலைகீழாக, அடுத்ததைப் பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பி ஒட்டினால்தான் தரை அசலாக இருக்கும். என் பெயர் நாலு இடத்தில் தெரிவதே அதனால்தான். கூட வேலை செய்தவர்கள் அவசரப்பட்டார்கள், நான் விடவில்லை. ஒவ்வொரு கல்லையும் நின்று பார்த்துத் திருப்பினேன். இருபது வருஷத்தில் அவ்வளவு கச்சிதமாக நான் எதையும் செய்ததில்லை.

கட்டடம் திறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். முட்டி ஒத்துழைக்கவில்லை, நாளைக்குப் போகத்தான் வேண்டுமா என்று பார்க்கிறேன் என்றார் மாமனார். இவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"போங்கப்பா. மாடிப்படி ஏறி நின்னு கீழ தரையப் பாருங்க. நம்ம தெரு இருக்கு. அவங்க தினம் அதுமேலதான் நடந்தாகணும்."

பிறகு விரலால் மேஜையில் சந்துகளை வரைந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். மாமனார் அன்றைக்கு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனி வாராவாரம் போய்ப் பார்ப்பேன் என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனுஷன் முட்டி வலியோடு அத்தனை படி ஏறியிருக்க வேண்டாம். ஊர் வம்பையெல்லாம் அளக்கிற வாய் அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது. கோழைத்தனம், வேறென்ன.

திங்கள் சாயங்காலம் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றவே வெகுநேரம் பிடித்தது. காவலாளி விரட்டும்வரை மாடியில் நின்றாராம். பிறகு கீழே இறங்கி வந்து, மண்டிபோட்டும் பார்த்தாராம்.

"கீழயும் பாத்துட்டேன்மா. அங்கயும் நாம இல்ல."

இவள் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். தாளில் இருக்கிறபடி செய்கிற யாராவது ஒட்டியிருந்தால் வந்திருக்கும், எவனோ நன்றாகத் தொழில் தெரிந்தவன் கையில் மாட்டிவிட்டது என்றாள். நான்தான் என்றேன். ஆஸ்பத்திரிப் பொய்யையும் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தனை கல்லத் திருப்புனீங்க?"

"எல்லாத்தையும்."

பெயர்த்து எடுக்க முடியுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முடியாது, நான் ஒட்டிய கல் உடையுமே தவிரப் பெயராது. எழுந்து போய் அப்பாவின் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்தாள். இப்போதும் வேலைக்குப் போகிறாள், கல் வரைகிறாள், என்னோடு பேசவும் செய்கிறாள். மாமனார் அதற்குப் பிறகு எந்தத் திங்களும் கிளம்பவில்லை. அங்கே ஒரு தெரு இருந்தது என்று அந்த அலுவலகத்தில் போய்ச் சொல்ல இப்போது ஆளில்லை.