அண்ணனின் வலது காது

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அவரைப் பொறுமைசாலி என்று அறிவீர்கள். அந்தப் பொறுமைக்கு நான் வைத்த சோதனையை அறியமாட்டீர்கள். அதை எழுதாமல் அவரைப் பற்றி வேறெதுவும் எழுத எனக்கு அருகதையில்லை.

அண்ணன் மாதனூரில் பிறந்தார். அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் அழுகி, சீக்கிரமே இறந்துபோனார். அண்ணன் வேலூரில் ஒரு ரேடியோ கடையில் தொழில் கற்று ஆம்பூர் பஜாரில் தனிக்கடை போட்டார். இரைகிற ரேடியோ, கரகரக்கிற ரேடியோ, ஊமையாகிப்போன ரேடியோ எல்லாம் அவரிடம் வரும். மூடியைக் கழற்றுமுன், காதை வைத்துக் கேட்டே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார். கூட்டங்களுக்கு மைக் செட்டும் வாடகைக்கு விட்டார். நான் அப்பா வேலை பார்த்த தோல் ஷாப்பிலேயே சேர்ந்தேன்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் கழித்து அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாவது வாரம் ஒரு மாலைக் கூட்டம். அண்ணனுடைய மைக் செட். வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப்போகிறார், ஷாப்பின் எந்த வாசலில் என்று சங்கத் தலைவர் சொல்ல வாயெடுத்தபோது மைக் சத்தம் நின்றுபோனது.

அன்று காலைதான் அண்ணன் முதலாளி வீட்டு ரேடியோவைப் பழுது பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வெல போய்ட்டான்யா" என்று ஒருவன் கத்தினான்.

பட்டினியும் ஆத்திரமும் என் கண்ணை மறைத்தன. நான்தான் முதலில் மேடையேறினேன். கொடிக்கம்பால் அண்ணனை வலது காதோடு சேர்த்து அடித்தேன். விழுந்தவரை நாலைந்து பேர் உதைத்தார்கள். ஒருவன் மிதித்ததில் அவர் கையில் இரண்டு விரல்கள் முறிந்தன.

"இருங்கடா, ஒயரப் பாக்கறேன். அப்புறமா அடிங்க" என்றார் அண்ணன்.

காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. தவழ்ந்துபோய் ஆம்ப்ளிஃபயரிலிருந்து மைக் ஒயரைப் பிடுங்கி, அந்தத் துளையில் விரல்நுனியை வைத்தார். மேலே கட்டிய குழாய் ஸ்பீக்கர் 'ர்ர்ர்' என்று இரைந்தது.

"பொட்டி நல்லாத்தான் கீது. ஒயர்லதான் இன்னாவோ."

மேடைக்கு அடியில் நுழைந்தார். தோல் சீவும் கத்தியால் யாரோ ஒயரை அறுத்திருந்தார்கள். உறையைப் பல்லால் கடித்துத் துப்பி, முனைகளை முறுக்கி இணைத்தார். மைக்கில் வாயை வைத்து, "சத்தம் வந்துட்ச்சி. பேசுங்க" என்றார்.

தலைவர் பின்வாசல் என்றார். ஓடினோம். லாரி வந்து நின்றிருந்தது. கத்தியும் கம்பியுமாக அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். என் முன்னால் நின்றவன் வயிறு கிழிந்து சாய்ந்தான். எனக்குத் தோளில் வெட்டு. மண்ணில் கிடந்த என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து, முதுகில் கம்பி அடியை வாங்கிக்கொண்டே ஜட்கா வண்டியில் ஏற்றியவர் அண்ணன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். அம்மா அண்ணனிடம் கேட்டார்: "காதுல யாருப்பா அடிச்சது?"

"லாரியில வந்தவனுங்கம்மா."

அந்தக் காது அதன்பின் கேட்கவில்லை. இடது காதை வைத்தே கடைசிவரை தொழில் செய்தார். ஒருமுறை தனியாக இருக்கும்போது, "ஏண்ணா அம்மாகிட்ட சொல்லல?" என்றேன். "போய் வேலயப் பாருடா" என்றார். அவ்வளவுதான்.

நுரையீரல் நோயில் அவர் படுத்த மாதங்களில் வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், மாறி மாறிக் கண்விழித்த பஜார் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் எழுதலாமா என்று சென்ற மாதம் அண்ணியிடம் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்பா. கல்யாணமான வருசமே சொன்னாரு. அவனா வந்து சொல்ற வரிக்கும் நீ கேக்காதன்னாரு" என்றார்கள்.

தெரிந்துகொண்டே இத்தனை வருடமும் எனக்குச் சோறு பரிமாறிய அண்ணிக்கு என் நன்றி.