நசுங்காத இரண்டு எலுமிச்சம்பழங்கள்

எங்கள் தெருவில் யார் புதிதாகக் கார் வாங்கினாலும் பூசைக்கு என்னை அழைத்துவிடுகிறார்கள். வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் பக்கத்தில் நின்றால் வண்டிக்கு ஆயுள் கூடும் என்று ஒரு நம்பிக்கை. என் முன்னால் வந்த வண்டிகளில் பாதியை ஓடத் தகுதியற்றவை என்று எழுதித் தள்ளியவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் போய் நிற்பேன். குருக்கள் சந்தனம் வைப்பார்; பூசணிக்காய் சுற்றுவார்கள்; முன்சக்கரம் ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். எல்லோரும் காரைப் பார்ப்பார்கள். நான் பழங்களைப் பார்ப்பேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில், ஈப்போவை அடுத்த புந்தோங்கில், ஒரு செம்மண் சாலையில், வண்டி கிளம்பிய பிறகும் இரண்டு எலுமிச்சம்பழங்கள் வைத்தது வைத்தபடி முழுசாகக் கிடந்தன. அதன் பிறகு ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்த்துவிட்டேன். எதுவும் அந்த அளவுக்கு மனம் குளிர வைத்ததில்லை.

அந்தக் கார் என் அக்காவுடையது. அத்தான் வாங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஈப்போவிலிருந்து சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களுக்கு அவர் வாடகைக் கார் விட்டார். துணிக்கூரையும் பித்தளை விளக்குகளும் வைத்த பழைய ஆங்கிலேய வண்டி. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிகள், பிரசவ வலி கண்ட பெண்கள், மாலை போட்ட மாப்பிள்ளைகள் என்று எல்லோரும் அதில் ஏறியிருக்கிறார்கள். ஓட்டியவர் வயதான ஒரு மலாய்க்காரர். சித்தப்பாவை மலாய்க்காரர்கள் அழைக்கும் முறையில் அக்கா அவரை ‘பாக்சிக்’ என்பாள். அத்தான் காய்ச்சலில் போனபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் இல்லை. அத்தான் விட்டுப்போனது அந்தக் கார் ஒன்றுதான்.

அத்தானுக்கு ஓர் அண்ணன் இருந்தார். எங்களுக்குப் பெரியத்தான். புந்தோங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்பு ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் வேலையில் இருந்தவர். எண்ணெய்க் குவளையைக் கையில் பிடித்ததையே பெரிய படிப்பாக எண்ணிக்கொண்ட மனிதர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அழுத கண் காய்வதற்குள், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கார் நின்ற கொட்டகைக்குள் நுழைந்தார்.

“எஞ்சின்ல ஒரு சத்தம் இருக்கு லா. தம்பி சாகுறதுக்கு முந்தியே சொன்னான். நான் பாத்துர்றேன்” என்றார்.

பதினாறு நாளாக அந்த எஞ்சினை யாரும் தொடவே இல்லை. ஓடாத எஞ்சினில் சத்தம் கேட்ட காது அது.

ஓர் எஞ்சினைப் பிரிப்பதற்கு ஒழுங்கு உண்டு. கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் குறி போட வேண்டும். எந்த மூடி எந்தத் தண்டுக்கு உரியதோ அதோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும். ஒரு துளையின் திருகை இன்னொரு துளையின் திருகோடு கலக்கவே கூடாது. பெரியத்தானுக்கு அந்த ஒழுங்கு தெரியாது என்று சொல்ல மாட்டேன். அவர் கலந்த விதத்தைப் பார்த்தால் நன்றாகவே தெரிந்திருந்தது. எஞ்சினை இறக்கினார், கியர் பெட்டியை இறக்கினார், பின் அச்சையும் விடவில்லை. பிஸ்டன், வால்வு, பல்சக்கரம், திருகு என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் தகரங்களில் அள்ளிக் கொட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

“இது இனி ஒண்ணு சேராது, பாத்துக்க. இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கிறேன். நீ தனியா இருந்து என்ன செய்யப் போற? நம்ம வீட்டுக்கு வந்துரு. உன் ஓரகத்திக்கும் முடியல, சமையலுக்கு ஒரு கை வேணும்.”

அந்த வீட்டில் சமையலுக்குப் போன கை அந்த வீட்டிலேயேதான் ஓயும் என்று அக்காவுக்குத் தெரியும். அவள் சண்டை போடவில்லை. நேராகக் கோயில் தலைவரிடம் போனாள். அவர் இரு பக்கமும் கேட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்: தைப்பூசத்துக்குள் வண்டி ஓடினால் அக்கா வைத்துக்கொள்ளலாம், ஓடாவிட்டால் அது பெரியவருக்கு. பெரியத்தான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். தகரங்களை நிரப்பியவர் அவர்தானே.

நான் அப்போது ஈப்போவில் ஓர் அரசாங்கப் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பள்ளியில் தேறியவன் என்பதால் கையில் எண்ணெய் படக்கூடாத வேலைக்குப் போயிருக்கலாம் என்று பெரியத்தான் என்னைப் பற்றி ஊரெல்லாம் வருத்தப்பட்டிருக்கிறார். அன்று மாலை அக்கா என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய்த் தகரங்களைக் காட்டினாள்.

“சேத்துருவியா?”

“நேரம் ஆகும்.”

“நேரத்தக் கேக்கல. சேத்துருவியான்னு கேட்டேன்.”

“சேத்துருவேன்.”

“அப்ப நான் அழுறத இதோட நிறுத்திக்கிறேன்” என்றாள். நிறுத்தியும்விட்டாள்.

வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்தக் கொட்டகையே கதியாகக் கிடந்தேன். அக்கா மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாகக் கழுவி, அரிசி புடைக்கும் முறத்தில் அளவுவாரியாகப் பரப்பிவைப்பாள். உற்பத்தி செய்தவன் தாங்கிகளின் மூடிகளில் உளியால் சின்னச் சின்னப் புள்ளி அடித்திருந்தான். பெரியத்தானால் அழிக்க முடியாத குறி அது. புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, நீலம் தடவிச் சுழற்றி, எங்கே உரசுகிறது என்று பார்த்துச் சுரண்டினேன். வால்வுகளைச் சாணைத்தூள் பசை போட்டுத் தேய்த்து உட்கார வைத்தேன். இணைப்புகளில் எண்ணெய் கசியாமலிருக்க பிஸ்கட் பெட்டி அட்டையை அக்கா கத்தரித்துத் தருவாள். ஒவ்வொரு திருகை முடுக்கும்போதும் பெரியத்தானின் கழுத்தை நினைத்துக்கொண்டு முடுக்கினேன். அந்த எஞ்சினில் பின்னாளில் ஒரு திருகுகூடத் தளரவில்லை.

கியர் பெட்டியில் சிக்கல் வந்தது. எல்லாம் சேர்ந்தபோது இரண்டாம் கியரின் பல்சக்கரம் மட்டும் இல்லை. தகரங்களைக் கவிழ்த்துப் பார்த்தோம். கொட்டகை மண்ணைச் சல்லடை போட்டுச் சலித்தோம். மறுநாள் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு பெரியத்தான் கடைக்குக் காய்ந்த மிளகாய் வாங்கப் போனாள். பொட்டலம் மடிக்கிற பழைய பத்திரிகைக் கட்டு காற்றில் பறக்காமல் இருக்க, அதன்மேல் அந்தச் சக்கரம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அவர் உள்ளே மிளகாய் அள்ளப் போன நேரத்தில் அது கூடையில் வெங்காயத்துக்கு அடியில் போய்விட்டது. வெளியே வந்தவர் காகிதங்கள் பறப்பதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், எதைக் காணோம் என்று சொல்ல வேண்டுமே.

தைப்பூசத்துக்குச் சில நாள் இருக்கும்போது எஞ்சின் ஓடியது. கைப்பிடியைச் சுற்றியதும் இருமி, நின்று, மறுபடி இருமி, பிறகு ஒரே சீராகப் பாடத் தொடங்கியது. வண்டிப் பூசைக்கு அக்கா நாள் குறித்துக் கோயில் தலைவரையும் அழைத்துவிட்டாள். எஞ்சின் சத்தம் பெரியத்தான் கடை வரை கேட்டிருக்கிறது. அடுத்த நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது பெரியத்தான் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்தார். “நான் பிரிச்சது, நானே மாட்டித் தர்றேன். சின்னப் பையனால ஆகுமா?” என்று மீதமிருந்த பின் அச்சை அவரே பூட்டிவிட்டார். அக்கா தடுக்கவில்லை, சாட்சிகள் முன்னால் தடுத்தால் நாளை அதுவே வேறு கதையாகும். அவர் கணக்கு எளியது. வண்டி ஓடத்தான் போகிறது. ஓடவைத்தது தாம்தான் என்று இருந்தால் வண்டியும் தம்முடையது.

மாலையில் நான் வந்து பார்த்தேன். பின்சக்கரங்கள் தரையில் படாமல் முட்டுக்கட்டைமேல் நின்றன. முதல் கியரைப் போட்டுக் கைப்பிடியை மெல்லச் சுற்றினேன். சக்கரங்கள் பின்பக்கமாகச் சுழன்றன. இன்னொரு முறை சுற்றினேன். அப்போதும் பின்பக்கம்தான். அந்த அச்சின் நடுவே ஒரு பெரிய பல்சக்கரம் உண்டு. இடப்பக்கம் வைத்தாலும் பொருந்தும், வலப்பக்கம் வைத்தாலும் பொருந்தும். ஆனால் ஒரு பக்கம் வைத்தால்தான் வண்டி முன்னால் போகும். பெரியத்தான் மற்றப் பக்கம் வைத்திருந்தார்.

அக்கா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப ஓடாதா?”

“ஓடும். பின்னால ஓடும். கழட்டித் திருப்பி மாட்ட அரை நாள் போதும். இப்பவே ஆரம்பிச்சா...”

“பூசை நாளைக்கித்தானே?”

“ஆமா.”

“தைப்பூசம்?”

“அதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.”

அக்கா குழவியை நிறுத்தினாள். “நீ கை வைக்காத” என்றாள். பிறகு எழுந்து பாக்சிக்கையும் என்னையும் கூப்பிட்டு, வண்டியை இறக்கித் தள்ளிச் சாலையில் கிழக்கு பார்த்து நிறுத்தச் சொன்னாள். கிழக்கு நல்ல திசைதான். வண்டியின் பின்னால், மேற்கில், பக்கத்துப் பால்காரரின் சாணக்குப்பை இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் பெரியத்தான் வெள்ளைக் கோட்டும் சரிகை அங்கவஸ்திரமுமாக வந்தார். தம் கடையிலிருந்து நல்ல மஞ்சளாக இரண்டு எலுமிச்சம்பழங்களையும் கொண்டுவந்திருந்தார். அக்கா கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வந்தபோது அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார்:

“நல்ல காரியத்துக்கு நீ முன்னால நிக்கலாமா? பின்னால போயி நில்லு.”

அக்கா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் ஓரமாக நின்றாள். அவள் முகத்தில் எதையும் காணவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரியத்தான் கோயில் தலைவரிடம் திரும்பி, வண்டியை மாட்டியது தாம்தான் என்று உரக்கச் சொன்னார். தலைவர் அக்காவைப் பார்த்து, “அப்படியா தங்கச்சி?” என்று கேட்டார்.

“எஞ்சினும் கியர் பெட்டியும் தம்பி மாட்டுனான். பின் அச்சு முழுக்கப் பெரியத்தான்தான். அதுல தம்பி கையே வைக்கல. சாட்சி இருக்காங்க” என்றாள் அக்கா.

“ஆமாங்க, நாங்க பாத்தோம்” என்றார்கள் அவர் அழைத்துவந்த இரண்டு பேரும்.

பாக்சிக் ஓட்டட்டும் என்று தலைவர் சொன்னதைப் பெரியத்தான் காதில் வாங்கவில்லை. தாமே ஏறி உட்கார்ந்தார். பழங்களை வைத்தார்கள். நான் கைப்பிடியைச் சுற்றினேன், எஞ்சின் எடுத்துக்கொண்டது. அவர் கூட்டத்தைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி, முதல் கியரைப் போட்டார். வண்டி பின்னால் நகர்ந்தது. ஏதோ தடுக்கிறது, அதனால்தான் சறுக்குகிறது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் அழுத்தினார். அழுத்த அழுத்தப் பின்னால் போனது. உயர்த்திய கை அப்படியே நிற்க, வண்டி போய்ச் சாணக்குப்பையில் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து, வெள்ளைக் கோட்டோடு அவரை மட்டும் மெல்ல அதில் இறக்கிவிட்டது. எஞ்சின் நின்றது.

“அலாமாக்” என்று மலாயில் அங்கலாய்த்தார் பாக்சிக், எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

முதலில் பால்காரர் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அக்கா ஓரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள்.

“என்னப் பின்னால போகச் சொன்னீங்க. நீங்களே வந்துட்டீங்களே, பெரியத்தான்.”

தலைவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் இருமினார். “பின்பக்கம் யாரு மாட்டுனாங்கன்னு இப்பத்தான் கேட்டோம். இனிமே அந்த வண்டிகிட்ட நீங்க வராதீங்க, கடைக்காரரே” என்றார். அதுதான் தீர்ப்பு.

வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. அக்கா மெத்தையான இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அரை நாளில் பல்சக்கரத்தைத் திருப்பி மாட்டினேன். தைப்பூசத்தன்று பாக்சிக் ஓட்ட, அக்கா பின் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து கோயிலுக்குப் போனாள். மளிகைக் கடை இருக்கும் தெரு கோயிலுக்குப் போகும் வழியில் இல்லை. அந்த வழியாகத்தான் போனோம். கடை வாசலில் பாக்சிக் வேகத்தைக் குறைத்து ஹார்னை நிதானமாக அழுத்தினார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் காரை வைத்து அக்கா தன் காலை ஊன்றிக்கொண்டாள். பிறகு இன்னொரு காரும் வாங்கினாள். உறவு என்று ஒன்று இருக்கிறதே; ஓர் ஆண்டு கழித்துப் பெரியத்தான் அக்கா வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அக்கா இலை போட்டுப் பரிமாறினாள். ஜாடியிலிருந்து ஊறுகாயைத் தன் கையாலேயே எடுத்து வைத்தாள். அவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

“நல்லா ஊறியிருக்கே. எந்தக் கடைப் பழம்?”

“உங்க கடைப் பழந்தான். பூசைக்குக் கொண்டாந்தீங்களே, ரெண்டு. நசுங்காமக் கெடந்துச்சு. வீணாக்க மனசு வரல.”

விரல் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அக்கா இன்னும் கொஞ்சம் எடுத்து இலையில் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்தார். மிச்சம் வைத்தால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அவர் போன பிறகு அக்கா ஜாடியை எனக்குக் காட்டினாள். பெரிய ஜாடி. மேலாக ஒரு கரண்டி அளவுதான் குறைந்திருந்தது. “வேற பழமும் போட்டுத்தான் ஊற வச்சிருக்கேன். அவரு ஆயுசுக்கும் வரும்” என்றாள்.

வந்தது. அவர் வந்த ஒவ்வொரு முறையும் இலையில் அது இருந்தது.

போன வாரம் எதிர்வீட்டுப் பிள்ளையின் புதுக் காருக்குப் பூசை. எலுமிச்சம்பழங்கள் இரண்டும் பட்டென்று நசுங்கின. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு சாலையில் ஒட்டியிருந்த தோலைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். ஊறுகாய்க்கு உதவாது.