மிலிவோயும் மறுகரையும்

கேசட் கீச்சிட ஆரம்பித்ததும் மிலிவோய் கண்ணை மூடிக்கொள்வார். வலது கையில் சின்னத் திருப்புளி. அதை டேப் ரெக்கார்டரின் ஓட்டைக்குள் விட்டு, உள்ளே இருக்கும் ஸ்க்ரூவை மயிரிழை அளவு திருப்புவார். கீச்சொலி கொஞ்சம் கூர்மையாகும். இன்னொரு மயிரிழை. “இப்பத்தான் வாயத் தொறக்கறா. சும்மா இருங்க, என்ன சொல்றான்னு கேப்போம்” என்பார் கேமராவைப் பார்க்காமலே. அந்தப் பக்கம் முப்பத்தொரு பேர் சும்மா இருப்பார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவருடைய நேரலையைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு விளையாட்டு கேசட்டிலிருந்து கணினிக்கு ஏறும் ஐந்து நிமிடக் கீச்சலை முழுதாகக் கேட்பதற்கு இந்த உலகத்தில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்.

வாரத்தின் மற்ற நாட்களில் அவர் நோவி சாட் நகரத்து லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிறார். அங்கேயும் காதுதான் அவருக்கு மூலதனம். கதவில் காதை வைத்து, “மூணாவது மாடில ஒரு உருளை அழுவுது” என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியையே திறப்பார். வயது ஐம்பத்தொன்று. நல்ல உடம்பு. ஆனாலும் இரண்டு ஜன்னல்களை ஒரே நேரத்தில் திறந்துவைக்க விடமாட்டார். காற்று குறுக்கே பாய்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளுமாம். ஆகஸ்ட் வெயிலிலும் அடைத்த அறையில் வியர்த்துக்கொண்டே விளையாடுவார். “அண்ணே, ஆவில வேகறீங்க” என்று யாராவது எழுதினால், “வெந்தாலும் கழுத்து திரும்புதுல்ல” என்று திருப்பிக் காட்டுவார்.

அவர் எடுத்து ஆடுவதெல்லாம் ஆள் சீந்தாத பழைய விளையாட்டுகள். கலங்கரை விளக்கத்துக்கு எண்ணெய் ஊற்றும் விளையாட்டு ஒன்று. மலைப்பாதையில் விடியும்வரை பனி தள்ளும் வண்டி ஒன்று. தேனீப்பெட்டிகளைச் சுற்றி வந்துவிட்டுத் தூங்கப் போகும் கிழவர் ஒருவர். எதிலும் யாரும் யாரையும் சுடுவதில்லை. ஆடி முடித்ததும் மதிப்பெண் போடமாட்டார், மாடி சொல்வார். “இது நாலாவது மாடி. காத்து நல்லா வரும், ஆனா ஏறணும்.” பார்ப்பவர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

ஒரே ஒரு சங்கடம். அவர் குடியிருப்பின் லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் அந்தக் கட்டடத்து மின்சாரம் ஒரு கணம் சோர்ந்துபோகும். நமக்கு விளக்கு சிமிட்டும், அவ்வளவுதான். அந்தப் பழைய குட்டிக் கணினிக்கோ எல்லாம் மறந்துபோகும். ஆகவே நம் மனிதர் நான்கு மணிக்கு முன் மெதுவாகக் கீழே இறங்கி, லிஃப்டை நிறுத்தி, “பழுது” என்ற பலகையை மாட்டிவிட்டு வருவார். பழுதுபார்ப்பவரே பலகை மாட்டினால் யார் கேட்பது? ஆறாவது மாடி விதோசவா அம்மாள் கேட்பார். “ஏம்ப்பா மிலிவோய், இந்த லிஃப்டுக்கு வாராவாரம் சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் காய்ச்சல் வருமா?”

போன சனிக்கிழமை அவர் ஏற்றிய கேசட்டின் பெயர் ‘மறுகரை’. யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நகர வானொலி கணினி விளையாட்டுகளையே ஒலிபரப்பும். பாட்டுக்குப் பதிலாகக் கீச்சல். அதை நாம் கேசட்டில் பிடித்துவைத்துக்கொண்டால் விளையாட்டு நம்முடையது. மிலிவோய் பதின்மூன்று வயதில் அப்படிப் பிடித்தது இது. எழுதியவள் ஸ்மில்கா என்ற பள்ளிக்கூடப் பெண். மூடுபனி கவிந்த டான்யூப் ஆறு, ஒரு படகு, அதில் ஒரு விளக்கு. துடுப்புப் போட்டு மறுகரைக்குப் போக வேண்டும், அதுதான் விளையாட்டு. அந்தக் குளிர்காலம், அடுத்த குளிர்காலம் என்று மிலிவோய் துடுப்புப் போட்டார். எண்ணெய் தீர்ந்து விளக்கு அணையும், “விளக்கு அணைந்தது” என்று எழுத்து வரும், விசையைத் தட்டி மறுபடி ஆரம்பிப்பார். கரை வரவே இல்லை. ஊரில் யாருக்கும் வரவில்லை. பத்திரிகை ஒன்று “பிழையுள்ள நிரல்” என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் நேரலையில் அந்தப் பெயரைச் சொன்னபோது ஒரு கமென்ட் வந்தது. “அது நான் எழுதினது. வேண்டாம், ஆடாதீங்க.” ஸ்மில்கா இப்போது ஸ்ரெஞானின் நகரில் பல் செட் செய்கிறார். அந்த ஒரு வரி விமர்சனத்துக்குப் பிறகு அவர் ஒரு நிரலும் எழுதவில்லை. தன்னிடம் இருந்த கேசட்டில் கல்யாணப் பாட்டைப் பதிந்துவிட்டார். மிலிவோய் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டார்: “அம்மா, கரை இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

“இருக்கு. எப்படின்னு சொல்லமாட்டேன். முப்பத்தெட்டு வருஷமா ஒருத்தர்கூடப் போகலன்னா, பிழைன்னு அவங்க எழுதினது சரிதானே? நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன். நீங்களும் போகலன்னா, பிழைதான்னு ஒத்துக்கிட்டு விட்டுடறேன்.”

அந்தப் பதிலை மிலிவோய் அன்றிலிருந்து லிஃப்டுக் குழிகளுக்குள் தொங்கிக்கொண்டு யோசித்தார். அவருக்கு உள்ளூரப் பயம். பிழை என்றுதான் அவரும் இத்தனை நாள் நம்பியிருந்தார். அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

கேசட் ஏறிவிட்டது. டேப்பிலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்து அவர் விரலில் ஒட்டியது. இன்னொரு தடவை இது தாங்காது என்று அவருக்குத் தெரிந்தது. திரையில் சாம்பல் நிறப் பனி. சின்னச் சதுரங்களால் ஆன படகு. விளக்கைச் சுற்றி மஞ்சள் வட்டம், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. ஓரத்தில், பார்ப்பவர்கள் பட்டியலில் ஸ்மில்காவின் பெயர் இருந்தது. மிலிவோய் துடுப்பு விசையைத் தட்டினார். தண்ணீர் நகர்ந்தது, பனியும் கூடவே நகர்ந்தது. “பாத்துப் போ ராசா, அவசரமில்ல” என்றார் படகுக்காரனிடம். அறைக்குள்ளும் ஈரம் இறங்கினாற்போல் இருந்தது. இடப்பக்கமாகப் போய்ப் பார்த்தார், விளக்கு அணைந்தது. வலப்பக்கமாகப் போய்ப் பார்த்தார், அணைந்தது. மூன்றாவது முறை நேராக விட்டார். எண்ணெய் கால்வாசிதான் மிச்சம். அப்போது கதவு அதிர்ந்தது.

“மிலிவோய்! இருபது கிலோ குடமிளகாய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா கீழ நின்னு பாத்தேன்! மொதல்ல உன் காய்ச்சக்காரிய எழுப்பு!”

வழக்கமாக ஐந்து மணிக்குள் ஆட்டத்தை முடித்து லிஃப்டை ஓடவிட்டுவிடுவார். அன்றைய படபடப்பில் மறந்துவிட்டார். இப்போது ஓடவிட்டால் கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும், டேப்போ இனி ஏறாது.

“விதோசவாம்மா, ஒரு அரை மணி...”

“அரை மணியா? செப்டம்பர் பொறந்து பாதி ஆச்சு, ஊரே குளிர்காலத் துவையலுக்குச் சுட்டு அரைச்சு பாட்டில்ல அடைச்சிருச்சு. எம் மிளகாய் கீழ கெடந்து வாடணுமா?”

வேறு வழியில்லை. கேமராவைப் பார்த்து, “மன்னிச்சுக்குங்க, ஒரு மூட்டை தூக்கணும்” என்று சொல்லிவிட்டு ஓடினார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறும்போது அவர் மனதில் மிளகாய் இல்லை. இந்நேரம் விளக்கு அணைந்திருக்கும். இருட்டுத் திரையை ஸ்ரெஞானினில் ஒரு பெண்மணி தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். அழுகை வரும்போல் இருந்தது.

“என்னப்பா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? மிளகாய் காரமே கெடையாதே!” என்றார் பின்னால் வந்த விதோசவா.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஒரு படகு முழுகிருச்சு.”

“எந்தப் படகு?” அவர் மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு ஏறினார். மூட்டையை இறக்கிவிட்டு, அந்த அம்மாள் நீட்டிய ஒரு மிளகாயைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இறங்கினார். மெதுவாகத்தான் இறங்கினார்.

அறையில் திரை இருண்டுதான் கிடந்தது. “விளக்கு அணைந்தது” என்ற எழுத்தைக் காணவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கப்படி மறுபடி ஆரம்பிக்கும் விசையின் மேல் விரலைக் கொண்டுபோனார். ஓரத்தில் கமென்டுகள் அருவியாகக் கொட்டின. “தொடாதீங்க!” “அண்ணே, கைய எடுங்க!” “தொட்டீங்க, கொன்னுடுவோம்!”

அப்போதுதான் பார்த்தார். இருட்டு முழு இருட்டாக இல்லை. பனி விலகியிருந்தது. தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி, பக்கத்தில் இன்னொன்று, பிறகு வரிசையாகப் பல. விளக்கு எரிந்தவரை அதன் வெளிச்சத்தில் இவை எதுவும் தெரிந்திருக்காது. துடுப்பு அசையவில்லை, ஆனால் ஆறு அசைந்தது. படகை ஆறே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. புள்ளிகள் ஜன்னல்களாயின. ஜன்னல்களுக்கு மேலே, நோவி சாட்டுக்கு எதிர்க்கரையில் நிற்கும் பெட்ரோவரதின் கோட்டையின் மணிக்கூண்டு எழுந்தது. ஆற்றில் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று பெரிய முள் மணியையும் சின்ன முள் நிமிடத்தையும் காட்டும் அந்த ஊர்க் கடிகாரம். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அதைச் சதுரம் சதுரமாக எண்ணி வரைந்திருக்கிறாள். விளக்கு அணைந்த பிறகு சும்மா இருப்பவனுக்காக வரைந்திருக்கிறாள். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊரில் ஒருத்தன்கூடச் சும்மா இருக்கவில்லை.

மிலிவோய் கேமராவுக்குப் பக்கமாகக் குனிந்தார். “ஸ்மில்காம்மா, இருக்கீங்களா?” என்றார்.

ஒரே ஒரு வரி வந்தது. “இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு.”

மிலிவோய் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார். நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை உருண்டு வந்து நின்றது. அதைத் துடைக்க அவர் கையை எடுக்கவில்லை.