கொடியில்லாத கம்பங்கள்

முதல் ஷிப்ட் முடிந்து பஸ்கள் திரும்பும் நேரம். மந்தாரக்குப்பம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே நிற்கும் தொழிற்சங்கக் கொடிக்கம்பங்களை எண்ணுகிறேன். மொத்தம் பதினொன்று. மூன்றில்தான் கொடி பறக்கிறது, மற்ற எட்டும் மொட்டை. எனக்குப் புல்லரிக்கிறது. பாதி ஓட்டுக்கு மேல் வாங்கும் சங்கத்தோடு மட்டுமே சுரங்க நிர்வாகம் பேசும் என்று விதி வந்தால் சின்னச் சங்கங்கள் செத்துவிடும் என்று கட்டுரை எழுதியவன் நான். அதற்கான சாட்சி இதோ, வெயிலில் நிற்கிறது.

பெருமை தாங்காமல் கடைக்கார ரோஸ்லின் அக்காவிடம் சொல்கிறேன். "புது விதியால எட்டு சங்கம் காணாமப் போயிடுச்சு, பாத்தீங்களா?"

"எங்க போச்சு? அடுத்த வாரம் ஓட்டு. அதுக்காகப் பெரிய சங்கத்தோட கூட்டு சேந்துகினு கொடிய எறக்கிட்டாங்க" என்கிறார் டீயை ஆற்றியபடி. "கம்பத்த யாராச்சும் புடுங்குனாங்களா பாருங்க. ஓட்டு எண்ணுன மறுநாளே எல்லாம் ஏறிடும். கூட்டுல சண்ட போட்டுகினு போறவங்க புதுசா ரெண்டு கம்பம் நடுவாங்க."

நான் குறிப்பேட்டை மூடுகிறேன்.

"நீங்க எந்தச் சங்கங்க?" என்கிறார் அக்கா.

"தேர்தல் ஆய்வாளர் சங்கம். அஞ்சு பேர் இருந்தோம். தலைவர் தேர்தலுக்கு நான் ஒரு புது விதி கொண்டுவந்தேன், சங்கமே உடைஞ்சிடுச்சு. இப்ப என் பக்கம் என்னையும் சேத்து ரெண்டு பேர்."

"அப்ப நீங்கதான் தலைவருங்களா?"

"ரெண்டு பேருமே தலைவர்தாங்க."