எட்டு வயது குறைந்த மகள்

மஹ்லெத் வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம், மேலாளர் ஒரு கேக் வாங்கி வந்தார். அதன்மேல் நாற்பது என்று எழுதியிருந்தது. அப்போது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கத்தியை வாங்கி, கேக்கை வெட்டி, எல்லோருக்கும் கொடுத்தாள்.

வாஷிங்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்துக் காசு வாங்கும் வேலை அவளுக்கு. அடுத்த கூண்டில் ஹிருத். இருவரும் எத்தியோப்பியப் பெண்கள். இருவருக்கும் நடுவே இரண்டு கண்ணாடிகள், ஒரு கார் அகலம். வண்டி வராத நேரத்தில் ஜன்னலைத் தள்ளிவைத்துக்கொண்டு பேசுவார்கள்.

"நாற்பது வயசுக்காரி மூஞ்சியா இது?" என்று ஹிருத் அன்று முழுக்கச் சிரித்தாள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

எத்தியோப்பியாவின் ஆண்டுக் கணக்கு மற்ற நாடுகளுக்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்னால் போகிறது. மஹ்லெத் பிறந்தது ஊர்க் கணக்கில் 1972. உலகக் கணக்கில் 1980. பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்தவர் உள்ளூர் அடையாள அட்டையைப் பார்த்து, கணக்கை மாற்ற மறந்து, 1972 என்றே எழுதிவிட்டார். மஹ்லெத் அதைக் கவனித்தது விமானத்துக்குள். அட்லாண்டிக் கடலுக்கு மேலே எந்த அலுவலகத்துக்குப் போய்த் திருத்துவது? இறங்கியபோது அவளுக்கு எட்டு வயது கூடியிருந்தது. அதன்பின் எல்லாக் காகிதங்களும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே எழுதப்பட்டன. குடியுரிமைச் சான்றிதழும் அப்படித்தான்.

சான்றிதழ் கையில் வந்த வாரமே, அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தாள். அதற்காகத்தான் குடியுரிமைக்கே காத்திருந்தாள். அம்மா அஸ்னாகெச் எத்தியோப்பியாவில், பிஷோப்து என்ற ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தாள். அப்பா போய்ப் பத்து வருடமாயிற்று. அம்மாவுக்கு மஹ்லெத் ஒரே பிள்ளை.

நாலு மாதம் கழித்து அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் கணக்கைச் சரியாக மாற்றி 1962 என்று போட்டிருந்தார்கள். மகளுக்கோ 1972. தாய்க்கும் மகளுக்கும் பத்து வயதே வித்தியாசம் என்பதால், உறவை நிரூபிக்கக் கூடுதல் ஆதாரம் வேண்டுமாம்.

மஹ்லெத் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெஃபெரியிடம் போனாள். ஒரு மளிகைக்கடையின் பின்னறையில் மேஜை போட்டு, ஊர்க்காரர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாசத்துக்கு ரெண்டு பேராவது இதோட வர்றாங்க. இந்த மாசம் நீ மூணாவது."

"இப்ப என்ன பண்றதுண்ணே?"

"ரெண்டு வழி இருக்கு. உன் தேதிதான் தப்புன்னு உள்ளதை உள்ளபடி எழுதணும், பழைய ஆதாரம் ஏதாவது வைக்கணும். இல்லன்னா அங்க அம்மாவோட பாஸ்போர்ட்டையே மாத்தி வாங்குவாங்க, எட்டு வயசு கூட்டி. சில பேர் செய்றாங்க. நான் எழுதித் தர மாட்டேன்."

"என் தேதி தப்புன்னு நானே சொன்னா, என் குடியுரிமைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நீ வேணும்னு பொய் சொல்லல. ஆகாதுன்னுதான் நினைக்கிறேன்."

அந்த 'நினைக்கிறேன்' மஹ்லெத்துக்குப் போதவில்லை. இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. ஆறு வருட உழைப்பு ஒரு கையில், அம்மா இன்னொரு கையில்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அம்மாவுக்கு வயசைக் கூட்டிடு," என்றாள் ஹிருத். "உனக்கும் எட்டு வருஷம் முன்னாடியே பென்ஷன் வரும். வர்ற காச யாராவது வேணாங்குவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மஹ்லெத் அம்மாவுக்குப் போன் செய்து, சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் டம்ளர் கழுவும் சத்தம் நின்றது.

"எனக்கு இப்ப என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

"அதை அறுபது ஆக்கணுங்கிற."

"பேப்பர்லதாம்மா."

"நான் எதுக்குடி கிழவி ஆகணும்? என் கணக்கு சரியாத்தானே இருக்கு. தப்பு உன்னோடது. நீ எட்டு வயசு குறைஞ்சுக்கோ. வயசு குறையுதுன்னு அழுவுற பொண்ண நான் இப்பத்தான் பாக்கறேன்."

"குடியுரிமையப் பிடுங்கிட்டா என்னம்மா பண்றது?"

"இங்க வா. டம்ளர் கழுவ ஆள் வேணும்." அம்மாவின் குரல் தணிந்தது. "பொய் வயசோட அங்க வந்து எத்தன நாளைக்கு நான் ஞாபகம் வச்சிட்டுப் பேசுறது? கேக்கறவங்களுக்கெல்லாம் உளறிடுவேன். உண்மைன்னா ஞாபகமே வச்சுக்க வேணாம். இரு, வரேன்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சுவரில் இருந்த மிக்கேல் தேவதூதர் படத்தை அம்மா இறக்கினாள். அதன் பின்னால் ஒட்டியிருந்தது மஹ்லெத்தின் ஞானஸ்நானக் காகிதம். பெண் குழந்தை என்பதால் எண்பதாம் நாள் திருமுழுக்கு. ஆண்டு, மாதம், ஞானத்தாயின் பெயர், பாதிரியார் முத்திரை எல்லாம் இருந்தன. கோயில் ஊர்க் கணக்கைத் தவிர வேறு கணக்கில் எழுதுவதே இல்லை. அதில் இருந்த 1972 உலகக் கணக்கில் 1980தான் என்பதற்கு அதுவே சாட்சி.

தெஃபெரி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். மஹ்லெத் கையெழுத்துப் போட்டாள். ஏழு மாதம் கழித்து விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அம்மாவுக்கு அடிஸ் அபாபா தூதரகத்தில் நேர்காணல் தேதி வந்தது.

காலை எட்டு மணிக்கு நேர்காணல். சூரியன் எழுவதிலிருந்து மணியை எண்ணுகிற ஊரில் அது இரண்டு மணி. "நம்ம மணிக்கு ரெண்டு, அவங்க மணிக்கு எட்டு," என்று மஹ்லெத் மூன்று தடவை போன் செய்து சொன்னாள். இன்னொரு கணக்கிலும் தவறிவிடக் கூடாதே.

அன்று வாஷிங்டனில் விடிந்து, அவள் கூண்டில் இருந்தபோது போன் அடித்தது.

"என்னம்மா கேட்டாங்க?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா. பக்கத்துல மொழிபெயர்க்க நம்ம ஆள் ஒருத்தன். பொண்ணு பொறந்தப்ப உங்களுக்கு என்ன வயசுன்னாங்க. பதினெட்டுன்னேன். சான்றிதழ்ல பாத்தா பத்து வருதேன்னாங்க. பத்து வயசுல நான் கொய்யா மரத்துலதான் ஏறிட்டிருந்தேன், பிள்ள பெக்கலன்னு சொன்னேன். அவன் சிரிச்சுட்டான். சிரிச்சு முடிச்சுத்தான் மொழிபெயர்த்தான்."

"அப்புறம்?"

"கோயில் காகிதத்தப் பாத்தாங்க. அந்தப் பையன் விரல் விட்டு எண்ணிக் காட்டினான். அப்புறம்..." அம்மாவின் குரல் உடைந்தது. "என் பாஸ்போர்ட்ட எடுத்து வச்சுக்கிட்டாங்கடி. திருப்பித் தரவே இல்ல. நான் மரத்தப் பத்திப் பேசியிருக்கக் கூடாதோ?"

கூண்டுக்கு முன்னால் மூன்று கார்கள் நின்றன. முதல் கார்க்காரர் ஹாரன் அடித்தார். மஹ்லெத்துக்குச் சீட்டை நீட்டக் கை வரவில்லை.

"அம்மா, திருப்பிக் கொடுத்தாத்தான் இல்லைன்னு அர்த்தம். விசா ஒட்டறதுக்குத்தான் வச்சிருக்காங்க."

"இதை அந்தப் பையன் சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்றாள் அம்மா. அழுதபடியே அவனைத் திட்டத் தொடங்கினாள். ஹிருத் தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, மஹ்லெத்தின் முகத்தைக் கண்டதும் இரண்டு கூண்டுகளின் தடுப்புக் கம்பிகளையும் தானே தூக்கிவிட்டாள். மூன்று கார்களும் காசு கொடுக்காமல் போயின.

அம்மா இரண்டு பெட்டி நிறைய மிளகாய்த்தூளோடு வந்து இறங்கினாள். சில வாரங்களில் நிரந்தரக் குடியிருப்பு அட்டை தபாலில் வந்தது. வாங்கியதும் அவள் படத்தைப் பார்க்கவில்லை. பிறந்த ஆண்டைத்தான் பார்த்தாள். 1962. தலையசைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். மஹ்லெத்தின் சான்றிதழில் தேதியைத் திருத்தும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பென்ஷன் எட்டு வருடம் தள்ளிப்போகிறது என்று ஹிருத்துக்குத்தான் வருத்தம்.

ஒரு மதியம் அம்மா இன்ஜெரா அப்பமும் பருப்பும் கட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தாள். சேலைத் தலைப்பைப் போல வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். மேலாளர் அவளையும் மஹ்லெத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியான்னு கேக்கறாரு," என்றாள் ஹிருத்.

அம்மா துணியைச் சரிசெய்துகொண்டாள். "எங்களுக்குள்ள பத்து வயசுதான் வித்தியாசம்னு சொல்லு. கவர்மெண்டே ஒரு தடவ எழுதியிருக்கு."

"அம்மா, சும்மா இரு," என்றாள் மஹ்லெத். பாத்திரத்தைத் திறந்து மேலாளருக்கும் ஒரு துண்டு பிட்டு, பருப்பில் தோய்த்துக் கொடுத்தாள். காரம் தாங்காமல் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது.