குவியல்மேல் சிலுவை

“…மேல சிலுவையைப் போட்டுட்டு, அடியில ஈரத்தை மறைக்கச் சொல்றீங்களாண்ணே?” என்று கேட்டார் அந்த அம்மா.

பட்டுக்கோட்டைப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில் எனக்கு முன்னால் காத்திருந்தவர். தலையில் துண்டு, கழுத்தில் ஜெபமாலை. நாங்கள் எங்கள் குவியலுக்குச் சாணிப்பாலால் குறி வைப்போம். அவர் விரலால் ஒரு சிலுவை கீறி வைப்பார். முந்தின நாள் மழையில் அவருடைய நெல் ஓரமாக நனைந்திருந்தது. இப்போது அவருடைய முறை வந்துவிட்டது; ஈரம் தெரிந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மேற்கே மறுபடி மேகம் திரண்டது. இன்றைக்கு எடை போடாவிட்டால் எல்லாமே நனைந்து முளைத்துவிடும்.

ஈர நெல்லை உள்ளே தள்ளி, காய்ந்ததால் மூடச் சொன்னது நான்தான்.

“எல்லாரும் பண்றதுதாம்மா. உங்க சாமி கோவிச்சுக்காது.”

“சாமி மன்னிச்சிருவாருண்ணே, நெல்லு மன்னிக்காது! ஒரு மூட்டை ஈரம், குடோன்ல பக்கத்து மூட்டையையும் கெடுத்துரும். அதைப் பொங்கித் திங்கப்போறது யாரு வீட்டுப் புள்ளைங்க? நீங்க முன்னால போங்க.”

வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு குவியலைக் கலைத்து, ஈர நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பி, காலால் கிளறிக்கொண்டே நடக்கத் தொடங்கினார்.